மீன்தொட்டியைத் தாங்கும் கால்கள்

வீட்டுக்குள் வண்ணமீன் வளர்க்கும் வழக்கம் இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் பரவியிருக்கிறது. சென்னை கொளத்தூரின் மீன் கடைகளுக்குக் குழந்தைகளோடு வரும் பெற்றோரைப் பார்த்தாலே இது விளங்கும். மீனின் நிறம், கண்ணாடியின் தெளிவு, விளக்கு, வடிகட்டி என ஒவ்வொன்றையும் விசாரித்து வாங்குவோர், இவை அனைத்தையும் சுமக்கப்போகும் தாங்கியைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. வீட்டில் கிடக்கும் பழைய மேசையோ, தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த அலமாரியோ போதும் என்று கருதிவிடுகின்றனர். பல்லாண்டுகளாக மீன் வளர்ப்பவன் என்ற முறையில், இந்த எண்ணம் ஆபத்தானது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் எடையைக் கணக்கிடுவோம். 4 அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி. ஒரு கன அடி நீரின் எடை 28 கிலோவுக்குச் சற்று அதிகம். ஆக, நீர் மட்டுமே ஏறத்தாழ 255 கிலோ. 10 மில்லிமீட்டர் கண்ணாடியால் செய்த தொட்டியின் எடை சுமார் 50 கிலோ; அடியில் பரப்பும் கூழாங்கற்கள் 40 கிலோ. விளிம்புக்குச் சற்றுக் கீழே நீரை நிறுத்தினாலும், கற்கள் சிறிது நீரை விலக்கினாலும், மொத்தச் சுமை 300 கிலோவைத் தாண்டிவிடும். ஐந்து பெரியவர்கள் ஒரு மேசைமீது ஏறி, ஆண்டுக்கணக்கில் இறங்காமல் நிற்பதற்கு இது ஒப்பாகும். சில மணி நேரம் சுமையைத் தாங்கும் மரம்கூட, ஓயாத சுமையின்கீழ் மெல்ல மெல்லத் தொய்ந்துபோகும்.

அந்தத் தொய்வுதான் தொட்டிக்கு எமன். கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. தாங்கி சற்றே முறுக்கிக்கொண்டாலும் தொட்டியின் அடிக்கண்ணாடி விரிசல் விடலாம். மூலைகளை இணைக்கும் சிலிக்கான் பசை பிரியலாம். எனவே தாங்கி முறியாமல் இருந்தால் போதாது. வளையாமலும் இருக்க வேண்டும்.

இதற்கான வழி நம் தச்சர்கள் நெடுங்காலமாக அறிந்ததே. மரப்பலகையைப் படுக்கையாக வைப்பதைவிட, விளிம்பின்மேல் நிறுத்திச் சட்டமாக்கினால் அது பன்மடங்கு விறைப்பாகும். சட்டத்தின் உயரத்தை இருமடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிறது. நான் குறிப்பிட்ட தொட்டிக்கு 4 அங்குல உயரமும் 2 அங்குலத் தடிமனும் உள்ள சட்டங்களை நாற்புறமும் இணைத்து, நடுவே ஒன்றிரண்டு குறுக்குச் சட்டங்கள் கொடுத்தால் போதும். தொட்டி அதைவிட நீளமானால் நடுவிலும் கால்கள் தேவை.

அடுத்தது மிக முக்கியமானது. மேல் சட்டம் கால்களின் தலைமேல் நேராக அமர வேண்டும். கால்களின் பக்கவாட்டில் சட்டத்தை வைத்துத் திருகாணியால் முடுக்கிவிட்டால், முழுச் சுமையும் அந்தச் சில திருகாணிகளின்மேல் விழும். மரம் மரத்தின்மேல் அமர்ந்தால், சுமை சட்டத்திலிருந்து காலுக்கும், காலிலிருந்து தரைக்கும் இறங்கிவிடும். திருகாணியும் பசையும் பொருத்து விலகாமல் பிடித்துக்கொண்டால் போதும். நிமிர்ந்து நிற்கும் மரம் அதன் இழையின் போக்கில் வரும் அழுத்தத்தை மிக நன்றாகத் தாங்கும். ஆதலால் 3 அங்குலச் சதுரக் கால்கள் நான்கு இருந்தாலே இந்தச் சுமைக்குத் தாராளம்.

நேர்ச் சுமையைத் தாங்கும் தாங்கியும் பக்கவாட்டு அசைவில் சாய்ந்துவிடக்கூடும். நாற்கோணச் சட்டம் எளிதில் கோணும், முக்கோணம் கோணாது. அதனால் தாங்கியின் பின்புறத்தையும் இரு பக்கங்களையும் ஒட்டுப்பலகையால் மூட வேண்டும் அல்லது மூலைக்கு மூலை குறுக்குக் கட்டை அடிக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் தாங்கியைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைத்துவிடுவது நல்லது. உயரமாகவும் ஒடுக்கமாகவும் உள்ள தாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை ஏற முயன்றால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மரத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். தேக்கு சிறந்தது, நன்கு உலர்ந்த வேங்கையும் வேம்பும்கூட உழைக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகளை மட்டும் தவிர்க்க வேண்டும். உறவினர் ஒருவர் வீட்டில் அத்தகைய அலமாரிமீது வைத்த தொட்டியைக் கண்டிருக்கிறேன். நீர் மாற்றும்போது சிந்திய துளிகளைக் குடித்தே அதன் விளிம்புகள் ஊறிய ரொட்டியைப் போல் உப்பியிருந்தன. மேற்பரப்புக்கு இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, நீர் தாங்கும் ஒட்டுப்பலகையைப் பயன்படுத்தலாம். மரத்தின் வெட்டுமுனைகளே நீரை அதிகம் உறிஞ்சும் என்பதால், கால்களின் அடிப்பகுதி உட்பட எல்லா முனைகளுக்கும் வார்னிஷ் பூச வேண்டும்.

தாங்கி நிற்கும் தரையையும் மறக்கலாகாது. நம் நாட்டில் குடியிருப்பு அறைகளின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவிலான சுமையைக் கருதி வடிவமைக்கப்படுகிறது. நிரம்பிய தொட்டியோ தன் பரப்புக்குள் அதைப்போல் இரு மடங்குக்கும் மேலான சுமையை ஏற்றுகிறது. தளம் அதைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும் என்றாலும், மாடி வீட்டில் அறையின் நடுவே வைக்காமல், சுமை தாங்கும் சுவரையோ உத்தரத்தையோ ஒட்டி வைப்பதே அறிவுடைமை. பெரிய தொட்டியாயின் பொறியாளரைக் கேட்டுவிடலாம். மின் செருகிகளைத் தொட்டிக்கு நேர் கீழே வைக்கக் கூடாது. மின்கம்பி செருகியைவிடத் தாழ்ந்து தொங்கிப் பின் மேலேறினால், அதில் வழியும் நீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும்.

இறுதியாகச் சோதனை. தொட்டியின் அடியில் தெர்மோகோல் தகடு விரித்தால், பலகையின் சிறு மேடுபள்ளங்கள் கண்ணாடியை உறுத்தாது. பிறகு கால் பங்கு, அரைப் பங்கு என நீரை நிரப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு மூலைகளிலும் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள தொலைவை அளக்க வேண்டும். நீரைவிட நேர்மையான ரசமட்டம் இல்லை. நான்கு அளவுகளும் ஒத்திருந்து, இரண்டு மூன்று நாள்கள் கழித்தும் மாறாதிருந்தால் மீன்களை விடலாம்.

இந்த விவரங்கள் எவையும் தொட்டி விற்கும் இடத்தில் சொல்லப்படுவதில்லை. நீர் நிரம்பிய நிலையில் இத்தொட்டியின் எடை இவ்வளவு என்று ஒவ்வொரு தொட்டியிலும் எழுதி ஒட்டுவதை விற்பனையாளர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அந்த ஓர் எண் தெரிந்தால், வாங்குபவர் அதைத் தம் ஊர்த் தச்சரிடம் சொல்வார். எத்தனை கால், எவ்வளவு கனமான சட்டம் என்பதைத் தச்சர் தீர்மானித்துக்கொள்வார். அதற்கு ஆகும் செலவு, ஒரு தொட்டி உடைந்தால் வரும் இழப்பைவிட நிச்சயம் குறைவு.