கதவைத் தட்டினால் என்ன ஆகும்? ஐ2சி பஸ், டிரைவர்கள், சில பழைய லேப்டாப்கள்

போன மாசம் ஒரு சனிக்கிழமை முழுக்க ஒரே ஒரு எண்ணோடு மல்லுக்கட்டினேன். அந்த எண் ஹெக்ஸ் 68.

வீட்டில் ஒரு ராஸ்பெரி பை சும்மா கிடந்தது. தண்ணீர் மோட்டார் ஓடும்போது எவ்வளவு அதிர்கிறது என்று பதிவு செய்து பார்க்கலாமே என்று எம்பியூ-6050 என்ற அசைவு சென்சார் ஒன்றை வாங்கினேன். மோட்டார் இருக்கும் இடத்தில் வைஃபை எட்டாது. அதனால் நேரம் காட்ட டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றும் வாங்கினேன். கடிகாரம் தனியாக இருந்தவரை ஒழுங்காக ஓடியது. சென்சாரையும் அதே கம்பிகளில் சேர்த்ததும் தேதி கண்டபடி மாற ஆரம்பித்தது.

பஸ்ஸில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஸ்கேன் செய்து பார்த்தேன். 57, 68 என்று இரண்டு முகவரிகள் வந்தன. இரண்டு பொருள் மாட்டினேன், இரண்டு எண் வருது, சரிதானே என்று வயரிங்கையும் என் பைத்தான் ஸ்கிரிப்டையும் மாத்தி மாத்தி நோண்டினேன். சாயங்காலம்தான் உறைத்தது. 57-இல் இருந்தது கடிகார மாட்யூலிலேயே கூட ஒட்டியிருக்கும் ஒரு சின்ன ஈப்ராம் நினைவகம். 68-இல் கடிகாரம், சென்சார் ரெண்டுமே உட்கார்ந்திருந்தன. கடிகாரத்துக்கு எழுதியது சென்சாருக்கும் போனது. படிக்கும்போது இரண்டின் பிட்களும் கலந்து வந்தன.

தீர்வு சுலபம். சென்சாரின் முகவரிப் பின் ஒன்றை 3.3 வோல்ட்டில் இணைத்தால் அது 69-க்கு நகர்ந்துவிடும். ஆனால் ஸ்கேன் செய்யும்போது அந்த நிரல் ஒவ்வொரு முறையும் ஒரு எச்சரிக்கை காட்டும். இது பஸ்ஸைக் குழப்பலாம், தரவு அழியலாம், அதைவிட மோசமாகவும் ஆகலாம், தொடரவா என்று கேட்கும். பல வருஷமாகப் படிக்காமலேயே 'ஒய்' தட்டிக்கொண்டிருக்கிறேன். யார் அங்கே என்று கேட்பதால் எப்படித் தரவு அழியும்? அன்று ராத்திரி அதைத் தேடப்போய்ச் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

பெயர் சொல்லும் பஸ், பெயர் சொல்லாத பஸ்

இங்கே பஸ் என்றால் 29சி இல்லை. பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுவான கம்பிகள். இயங்குதளத்தின் பார்வையில் பஸ்களில் இரண்டு ஜாதி உண்டு.

ஒன்று, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வகை. பிசிஐ அப்படித்தான். ஒவ்வொரு கார்டிலும் தயாரிப்பாளர் எண், சாதன எண் என்று 16 பிட் எண்கள் இரண்டு ஒரு நிலையான இடத்தில் இருக்கும். இன்டெலின் தயாரிப்பாளர் எண் 8086, அவர்களுடைய பழைய பிராசஸரின் பெயரே. காலி இடத்தில் படித்தால் எல்லா பிட்டும் ஒன்றாக வரும், அதாவது யாரும் இல்லை. இந்தப் படிப்பால் யாருக்கும் சேதம் இல்லை. யுஎஸ்பியும் இதே வகை.

இன்னொன்று, பெயரே சொல்லாத வகை. பழைய ஐஎஸ்ஏ கார்டுகள் ஞாபகம் இருக்கா? நெட்வொர்க் கார்டு ஹெக்ஸ் 300-இல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த இடத்தில் எதையாவது எழுதி, பதில் எப்படி வருகிறது என்று பார்த்துத்தான் டிரைவர் ஊகிக்க வேண்டும். அங்கே இருந்தது வேறு கார்டு என்றால் மெஷின் அப்படியே உறைந்து நிற்கலாம். லினக்ஸில் இதற்காகவே 'ரிசர்வ்' என்று ஒரு பூட் அளவுரு இருந்தது. இந்த முகவரிகளில் யாரும் தேடாதீங்க என்று கர்னலுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது. விண்டோஸ் 95 வேறு வழி பிடித்தது. கண்டறியும்போது மெஷின் தொங்கிவிட்டால், எந்தப் படியில் தொங்கியது என்ற குறிப்பு ஒரு கோப்பில் இருக்கும். பவரை அணைத்துப் போட்டால், அதைப் படித்து அந்தப் படியை மட்டும் தாண்டிப் போகும். செத்தாலும் எங்கே செத்தேன் என்று எழுதிவைத்துவிட்டுச் சாகும் ஏற்பாடு!

ஐஎஸ்ஏ போய்விட்டது. ஆனால் பெயர் சொல்லாத இன்னொரு பஸ் இன்றும் நம் லேப்டாப், போன், டிவி எல்லாவற்றிலும் இருக்கிறது. அதுதான் ஐ2சி.

இரண்டு கம்பி, 112 வீடு

ஐ2சி 1980-களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கியது. டிவிக்குள் இருக்கும் சிப்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மலிவாக ஒரு வழி. தரவுக்கு ஒரு கம்பி, கடிகாரத் துடிப்புக்கு ஒரு கம்பி. முகவரி 7 பிட், ஆக 128 முகவரிகள். அதில் 16 ஒதுக்கப்பட்டவை போக 112 மிச்சம். கம்ப்யூட்டர் மதர்போர்டில் இருக்கும் எஸ்எம்பஸ் இதிலிருந்து கிளைத்ததுதான்.

உலகத்தில் ஆயிரக்கணக்கான சிப் மாடல்கள், வீடோ 112. அதனால் ஒரே முகவரியைப் பல சிப்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. முகவரியைக் கூப்பிட்டால் அங்கே இருக்கும் சிப் ஒரு பிட் நேரம் கம்பியைக் கீழே இழுத்து 'இருக்கேன்' என்று மட்டும் சொல்லும். 'நான் இன்னார்' என்று சொல்ல ஐ2சியில் எல்லோரும் பின்பற்றும் வழி கிடையாது. என் 68-இல் இரண்டு பேர் ஒரே குரலில் 'இருக்கேன்' என்றார்கள், எனக்கு ஒரு குரல்தான் கேட்டது.

இப்போது முக்கியமான இடம். 'இருக்கியா' என்று எப்படிக் கேட்பது? எஸ்எம்பஸ்ஸில் மிகச் சின்னக் கட்டளை 'குவிக்' என்பது. 7 பிட் முகவரி, கூடவே படிக்கவா எழுதவா என்று ஒரு பிட், அவ்வளவுதான். தரவே கிடையாது. தரவு இல்லாததால் சேதம் இருக்காது என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஒரு பிட்டே ஒரு கட்டளைதான். ஒரு சாதனத்தை ஆன், ஆஃப் செய்யவும் அந்த பிட்டைப் பயன்படுத்தலாம் என்று விதியே சொல்கிறது. அதாவது, நாம் கதவைத் தட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒருவர் ஸ்விட்சைப் போட்டதாக எடுத்துக்கொள்ளலாம்.

திங்க்பேட் விவகாரம்

2000-களின் தொடக்கத்தில் லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் என்ற திட்டம் பிரபலம். மதர்போர்டின் வெப்பம், ஃபேன் வேகம் எல்லாம் காட்டும். அதில் 'சென்சார்ஸ்-டிடெக்ட்' என்று ஒரு ஸ்கிரிப்ட். பஸ்ஸில் வீடு வீடாகப் போய்த் தட்டி, எந்த டிரைவர் வேண்டும் என்று சொல்லும்.

அந்தக் காலத்து ஐபிஎம் திங்க்பேட் மாடல்கள் பலவற்றில் அட்மெல் நிறுவனத்தின் 24ஆர்எஃப்08 என்ற ஈப்ராம் இருந்தது. மெஷின் பூட் ஆகத் தேவையான விவரங்கள் அதற்குள். அந்தச் சிப்பின் ஸ்டேட் மெஷினில் ஒரு பிழை. 'எழுதப் போகிறேன்' என்று கூப்பிட்டுவிட்டு எதுவும் எழுதாமல் போனால், உள்ளே இருக்கும் தரவு கெட்டுவிடக்கூடும். குவிக் முறையில் தட்டுவது என்றால் செய்வது அதைத்தானே?

வெப்பம் எவ்வளவு என்று பார்க்கத்தான் அந்த ஸ்கிரிப்டை ஓட்டினார்கள். அடுத்த முறை ஆன் செய்தபோது லேப்டாப் பூட் ஆகவில்லை. இது ஃபார்மேட் செய்து மீட்கக்கூடிய பிரச்சினை இல்லை, சர்வீஸுக்கு அனுப்ப வேண்டிய பிரச்சினை. ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் ஒரு பைட்கூட எழுதச் சொல்லவில்லை. பிழை சிப்பில்தான். ஆனாலும் தட்டியது மென்பொருள்.

இதே மாதிரி இன்னொன்று. ராம் மாட்யூல்களில் தன் விவரங்களைச் சொல்லும் ஒரு குட்டி ஈப்ராம் 50 முதல் 57 வரையிலான முகவரிகளில் இருக்கும். அவற்றில் சில வகைகளில் 30 முதல் 37 வரை உள்ள முகவரிக்கு எழுதுவது என்றால் 'இனி யாரும் எழுத முடியாதபடி பூட்டு' என்று பொருள். நிரந்தரமாக. அங்கே போய்த் தட்டினால் நாமே பூட்டிவிட்டு வந்ததாகலாம்.

கட்டுப்படுத்திய மூன்று வழிகள்

லினக்ஸ்காரர்கள் இதற்குப் படிப்படியாகத் தீர்வு கண்டார்கள். முதல் வழி, தட்டவே கூடாது. இன்டெலின் பழைய எஸ்எம்பஸ்ஸுக்கான டிரைவர், இது ஐபிஎம் மெஷின் என்று பயாஸ் தகவலில் தெரிந்தால், உங்கள் ஈப்ராம் கெட்டுப்போகலாம் என்று சொல்லி ஏற மறுத்துவிடும். முரட்டுத்தனமான தீர்வுதான், ஆனால் லேப்டாப் பிழைத்தது.

இரண்டாவது, தட்டும் விதத்தை மாற்றுவது. கர்னலின் இன்றைய கோடில் 30–37, 50–5எஃப் முகவரிகளுக்கு மட்டும் எழுதும் தட்டல் கிடையாது, ஒரு பைட் படித்துப் பார்க்கும். ஏன் என்று கமெண்டில் 24ஆர்எஃப்08 பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். என் ஸ்கேன் நிரலும் இதையேதான் செய்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. யார், எந்த பஸ்ஸில் தட்டலாம் என்பதை வரையறுப்பது. முன்பெல்லாம் ஒரு சென்சார் டிரைவரை ஏற்றினால் அது எல்லா ஐ2சி பஸ்களிலும் தேட ஆரம்பிக்கும், டிவி டியூனர் கார்டுக்குள் இருக்கும் பஸ் உட்பட. இப்போது பஸ்ஸின் டிரைவர் 'என்னிடம் வெப்ப சென்சார்கள் இருக்கலாம்' என்று ஒரு வகுப்பை அறிவிக்க வேண்டும். சிப்பின் டிரைவரும் அதே வகுப்பையும், தேட வேண்டிய முகவரிப் பட்டியலையும் அறிவிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் தேடல். எந்த வகுப்பையும் அறிவிக்காத பஸ்ஸில் தேடலே கிடையாது.

தேடினாலும் கிடைப்பது ஊகம்தான். எல்எம்75 என்ற பிரபலமான வெப்ப சென்சாரின் டிரைவரைப் பாருங்கள். அசல் எல்எம்75-இல் அடையாளப் பதிவேடு இல்லை. அதனால் பயன்படாத பிட்கள் பூஜ்யமாக இருக்கா, எட்டு முகவரிக்கு ஒரு முறை அதே மதிப்புகள் திரும்ப வருதா என்றெல்லாம் நடை உடை பாவனையை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறது.

தெரிந்தவர் சொல்லிவிடுவது

போர்டை வடிவமைத்தவருக்கு எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று தெரியும். தெரிந்ததை எழுதிக் கொடுத்துவிட்டால் தேடலே வேண்டாம். ஏஆர்எம் போர்டுகளில் டிவைஸ் ட்ரீ, பிசிக்களில் ஏசிபிஐ அட்டவணைகள் இதைத்தான் செய்கின்றன. என்னை மாதிரி கையால் மாட்டுபவர்களுக்கும் வழி இருக்கிறது. சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு ஐ2சி பஸ்ஸுக்கும் 'நியூ டிவைஸ்' என்று ஒரு கோப்பு உண்டு. அதில் சிப்பின் பெயரையும் முகவரியையும் எழுதினால் கர்னல் அப்படியே நம்பும். தவறாகச் சொன்னால் பழி நம் மேல்.

பெயர் சொல்லும் பஸ்களிலும் கடிவாளம் உண்டு. பிசிஐ கார்டு ஒன்றை வழக்கமான டிரைவரிடம் கொடுக்காமல் விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுக்க 'டிரைவர் ஓவர்ரைடு' இருக்கிறது. யுஎஸ்பியில், புதிதாகச் செருகும் எதையும் நான் அனுமதிக்கும்வரை தொடாதே என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அங்கே சிக்கல் வேறு மாதிரி. பெயர் சொல்வார்கள், ஆனால் பொய் சொல்லலாம். பென் டிரைவ் மாதிரி இருக்கும் ஒன்று தன்னைக் கீபோர்டு என்று அறிமுகப்படுத்திக்கொண்டு தானே டைப் அடிப்பதை 2014-இல் பேட்யுஎஸ்பி என்ற ஆய்வில் காட்டினார்கள்.

சரி, என் கதைக்கு வருவோம். சென்சாரை 69-க்கு நகர்த்தினேன். ஸ்கிரிப்டில் நேரடியாகப் படிப்பதை விட்டுவிட்டு, ராஸ்பெரி பையின் பூட் அமைப்புக் கோப்பில் 'இங்கே டிஎஸ்3231 இருக்கிறது' என்று ஒரு வரி சேர்த்தேன். மறுபடி ஸ்கேன் செய்தபோது 68-இன் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக 'யுயு' என்று வந்தது. இந்த முகவரி ஏற்கனவே ஒரு டிரைவரின் பொறுப்பில் இருக்கிறது, அதனால் தட்டவில்லை என்று அர்த்தம்.

அந்த ஸ்கேனுக்கும் 'ஒய்' தட்டித்தான் போனேன். ஆனால் இந்தத் தடவை எச்சரிக்கையை முழுசாகப் படித்துவிட்டு.