புரொசசரின் விலை கேட்கும் முன் போர்டின் பெயர்

காலி வீதியில் மெஜஸ்டிக் சிற்றிக்குப் பக்கத்தில் இருக்கும் யுனிட்டி பிளாசாவைத் தெரியாத கணினிப் பாவனையாளர் கொழும்பில் குறைவு. மாடிக்கு மாடி கணினிக் கடைகள். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பிள்ளையின் படிப்புக்கென்று ஒதுக்கிய பணத்தோடு பெற்றோர் வருகிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐ5 ஒன்று என்ன விலை?" அந்தக் கேள்விக்குக் கடைக்காரர் விலை சொல்லலாம். அது வீட்டில் இருக்கும் பெட்டிக்குள் வேலை செய்யுமா என்பதை அவரால் சொல்ல முடியாது. அதற்கு அந்தப் பெட்டியில் இருக்கும் மதர்போர்டின் பெயர் அவருக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளில் எழுந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2025 ஒக்டோபர் 14 அன்று வின்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. வின்டோஸ் 11க்கோ இன்டெலில் 8ஆம் தலைமுறை, ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசை, அல்லது அவற்றுக்குப் பிந்தியவை, கூடவே டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் ஒரே நாளில் பழையவையாகிவிட்டன. புதிதாக வாங்கலாமென்றால், 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் அந்த ஆண்டு மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியதிலிருந்து இறக்குமதிப் பொருட்கள் பெரும்பாலும் பழைய விலைக்கு இறங்கவில்லை. 2024 ஜனவரியில் வற் வரியும் 15 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஆகவே இருப்பதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை மட்டும் மாற்றலாம் என்று பார்ப்பதே பெரும்பாலான குடும்பங்களுக்கு நடைமுறை வழி.

ஆனால் அரைகுறையாகப் பொருத்தம் பார்த்து வாங்கினால் அதே பணம் இருமடங்காகப் போகும். இதில் மிக அதிகமாக ஆட்களை விழுத்துவது எல்.ஜி.ஏ. 1151 என்ற சொக்கெட். இன்டெலின் 6ஆம், 7ஆம் தலைமுறைப் புரொசசர்கள் இதில்தான் உட்காருகின்றன. 8ஆம், 9ஆம் தலைமுறைகளுக்கும் இதே பெயர், இதே அளவு. 6ஆம், 7ஆம் தலைமுறைக்கான எச்110 அல்லது பி250 போர்ட் வைத்திருப்பவர் பாவித்த ஐ5-8400 ஒன்றை மலிவாகக் கண்டு வாங்கினால் அது சொக்கெட்டில் சரியாகவே உட்காரும். மூடியும் மூடும். ஆனால் கணினி இயங்காது. 2017இல் 8ஆம் தலைமுறை வந்தபோது இன்டெல் முனைகளின் ஒழுங்கை மாற்றி, எச்310, பி360 போன்ற 300 வரிசைப் போர்டுகளைக் கட்டாயமாக்கியது. புரொசசர் பழுது என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டை பிடிப்பவரும் உண்டு. பொருளில் பிழையே இராது.

அதே எச்110 போர்டுக்கு ஐ7-7700 பொருந்தும். அதற்குப் பயோஸ் எனப்படும் போர்டின் அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்க மட்டும் வேண்டியிருக்கலாம். ஆனால் அது 7ஆம் தலைமுறை. வின்டோஸ் 11இன் பட்டியலில் இல்லை. ஆக, பொருந்துவதை வின்டோஸ் 11 ஏற்காது, வின்டோஸ் 11 ஏற்பது பொருந்தாது. இந்த நிலையில் இருப்பவர் புரொசசருக்கென்று தனியாகப் பணம் செலவழிப்பதில் அர்த்தமில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒன்றில் போர்டையும் புரொசசரையும் சேர்த்து மாற்ற வேண்டும், அல்லது இரண்டையும் அப்படியே விட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு லினக்ஸுக்கு மாற வேண்டும். பதிவு செய்துகொண்டால் வின்டோஸ் 10க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2026 ஒக்டோபர் 13 வரை பெறலாம் என்ற சலுகையும் இருக்கிறது; பணம் சேர்க்க அது கொஞ்சம் அவகாசம் தரும்.

ஏ.எம்.டி. பக்கம் நிலைமை நல்லது. ஏ.எம்.4 சொக்கெட் உள்ள போர்டுகளில் 2017இல் வாங்கியவை பலவும், பயோஸைப் புதுப்பித்தால் ரைசன் 5 5500, 5600 போன்றவற்றை ஏற்கின்றன. அந்தப் புதுப்பிப்பைப் பழைய புரொசசர் உள்ளே இருக்கும்போதே செய்துவிட வேண்டும். புதியதைப் போட்ட பிறகு செய்ய நினைத்தால் திரையே வராது. இன்னொன்று: இந்த இரண்டுக்குள்ளும் கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்ட் இல்லாதவர் 5600ஜி போல் 'ஜி' முடிவு கொண்டதையே வாங்க வேண்டும். இன்டெலிலும் 'எஃப்' என்று முடிந்தால் தனிக் கார்ட் இல்லாமல் படம் வராது. அந்த ஓரெழுத்துக்காகத்தான் விலை குறைந்திருக்கும்.

போர்டின் பெயரை அறிவது கடினமில்லை. வின்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் 'பேஸ்போர்ட் புரொடக்ட்' என்ற வரியில் இருக்கும். கணினி ஓடவில்லையென்றால் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். போர்டிலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பெயரைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடினால் எந்தெந்தப் புரொசசர், எந்தப் பயோஸ் பதிப்பிலிருந்து என்ற பட்டியல் கிடைக்கும். அந்தப் பட்டியலில் இல்லாததை எவர் சொன்னாலும் வாங்க வேண்டாம்.

றாமில் தலைமுறைதான் முக்கியம். டி.டி.ஆர்.3, 4, 5 மூன்றிலும் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. அழுத்திப் பார்க்கக் கூடாது. ஒரே வரிசைப் போர்டே இரண்டு வகையாகவும் வரும். சில எச்110 போர்டுகள் டி.டி.ஆர்.3 கேட்கும், பெயரின் கடைசியில் 'டி3' என்று இருக்கலாம். 12ஆம் தலைமுறைக்கான பி660 போர்டுகளில் 'டி4' என்றிருந்தால் டி.டி.ஆர்.4. போர்டை மாற்றப் போகிறவருக்கு இது நல்ல செய்தி, ஏனெனில் பழைய டி.டி.ஆர்.4 றாமை அப்படியே கொண்டுபோகலாம். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதில் றாம் விலை உலகெங்கும் எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம் 'கிருசியல்' என்ற தன் சில்லறை விற்பனைப் பெயரையே கைவிடுவதாக அறிவித்தது. கையில் இருக்கும் றாமுக்கு இப்போது மதிப்பு அதிகம். சேர்வர்களிலிருந்து கழற்றிய 'ரெஜிஸ்டர்ட்' றாம் மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுப் போர்டுகள் அதை ஏற்காது.

பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு சிறு குறிப்பு. உப்புக்காற்று றாமின் பொன்னிற முனைகளில் படிந்து தொடர்பைக் கெடுக்கும். பொருந்தவில்லை, பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டுமுன் மின்சாரத்தைத் துண்டித்து, கழற்றி, முனைகளை மென்மையாகத் துடைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க் போன்ற பெட்டிகள் இங்கே நிறைய விற்பனையாகின்றன. எழுத்து வேலைக்கும் ஒன்லைன் வகுப்புக்கும் அவை அருமையானவை. ஆனால் மேம்படுத்துவதற்கென்று வாங்குபவர் யோசிக்க வேண்டும். வழக்கமான பவர் சப்ளை போர்டோடு 24 முனை இணைப்பால் சேரும். இந்தப் பெட்டிகள் பலவற்றில் நிறுவனத்தின் சொந்த 6 அல்லது 8 முனை இணைப்புத்தான் உண்டு. கடையில் விற்கும் பவர் சப்ளை அதில் நேரடியாகச் சேராது. ஒல்லியான மாதிரிகளில் அரை உயரக் கிராபிக்ஸ் கார்ட் மட்டுமே நுழையும்.

கிராபிக்ஸ் கார்ட் என்றதும் பவர் சப்ளை முன்னால் வந்து நிற்கிறது. போர்டின் துளை வழியே ஒரு கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்குமேல் வேண்டுமானால் தனி வயர் வர வேண்டும்: 6 முனை வயர் இன்னும் 75 வாட் தரும், 8 முனை வயர் 150 வாட். ஜி.டி.எக்ஸ். 1650இன் பல மாதிரிகள் தனி வயரே கேட்பதில்லை; பழைய பவர் சப்ளையோடு இருப்பவருக்கு அதனால்தான் அது ஏற்றது. கேசிங்கோடு சேர்த்துத் தரும் பவர் சப்ளையின் ஸ்டிக்கரில் 500 வாட், 600 வாட் என்றிருந்தாலும் நம்ப வேண்டாம். 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். உண்மையில் பயன்படும் வாட் ஏறத்தாழ அதுதான். இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. தரமற்ற பவர் சப்ளை எரியும்போது போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

பணம் மிகக் குறைவென்றால், ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எஸ்.எஸ்.டி.யாக மாற்றுங்கள். மற்ற எந்த மாற்றத்தையும்விட இதுதான் கைக்குத் தெரியும் வேகம். 2.5 அங்குல சாட்டா வகை பத்துப் பதினைந்து வருடப் பழைய போர்டிலும் வேலை செய்யும். எம்.2 வகை வாங்கினால், போர்டிலுள்ள துளை சாட்டாவா என்.வி.எம்.இ.யா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உருவம் ஒன்றுபோலவே இருக்கும்.

கடைக்குப் போகும்போது போர்டின் பெயரும் பவர் சப்ளை ஸ்டிக்கரும் தெரியும் படங்களைத் தொலைபேசியில் வைத்திருங்கள். முடியுமானால் கணினிப் பெட்டியையே முச்சக்கரவண்டியில் ஏற்றிப் போய், அங்கேயே பூட்டி, திரை வருவதைப் பார்த்த பின் பணம் கொடுங்கள். பற்றுச்சீட்டில் பாகத்தின் முழு இலக்கம், உத்தரவாதம் எத்தனை மாதம், அதைத் தருவது கடையா இறக்குமதியாளரா என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். பாவித்த பொருளானால், பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுத்ததைக் கடை மறுத்தால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்தை அழைத்து முறையிடலாம். அப்போது கேட்கப்படுவது அந்தச் சீட்டுத்தான்.