நகத்துக்கு ஊர் ஏது?

சென்ற வாரம் அடுக்களைச் சாமான்களின் விடுகதைகளோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அந்தச் சாமான்களைப் புழங்கிய கைக்கே வருவோம். உள்ளங்கையை ஒரு முற்றமாகவும் விரல்களை அதைச் சுற்றிய ஐந்து வீடுகளாகவும் பாவிக்கும் விடுகதையை அறியாத தமிழ்க் குழந்தை அபூர்வம். அந்த வீடுகளின் கூரைமேல் இருக்கும் நகத்தைப் பற்றியோ ஒன்றல்ல, அநேகம் உண்டு. வெட்டினால் இரத்தம் வராது, வலியும் தெரியாது, வெட்டியவன் அலுத்தாலும் அது வளர்வதில் அலுக்காது என்று ஊருக்கு ஊர் வாசகம் மாறும், விடை மட்டும் மாறாது.

விடுகதையைப் 'பிசி' என்று செய்யுளியலில் குறித்த தொல்காப்பியர், ஒப்புமையால் அமைவது ஒன்று, பொருளின் இயல்பைக் கூறுவதால் அமைவது மற்றொன்று என அதை இருவகையாக்கினார். முற்றமும் வீடுகளும் முதல் வகை. நகம் பெரும்பாலும் இரண்டாம் வகை. உள்ளதை உள்ளபடியே சொல்லி, சொன்னதனாலேயே மறைத்துவிடும் இந்த இரண்டாம் வகைதான் கடினமானது என்பது என் அபிப்பிராயம்.

இனி மலேசியாவின் பேராக் மாநிலத்துக்குப் போவோம். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டதும், பின்னர் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டிக் கப்பலேற்றியதும், 1938-இல் இந்திய அரசாங்கம் அந்த ஆள்கட்டு முறைக்குத் தடை விதித்ததும் சரித்திரம் அறிந்த விஷயங்கள். சரித்திரம் கணக்கில் எடுக்காதது, அந்தக் கப்பல்களில் ஜனங்களோடு ஏறிய விடுகதைகளை. ஏற்றமும் கலப்பையும் நெற்குதிரும் விடையாக இருந்த விடுகதைகள் தோட்டத்தில் இறங்கியதும், விடைக்குரிய பொருளைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகளின் வாயில் வாய்ப்பாடு போலாயின. பார்த்திராத ஏற்றத்தை யூகித்துக் கண்டுபிடிப்பது எப்படி, மனப்பாடமாக ஒப்பிக்கத்தான் முடியும். ஆனால் ஐந்து வீட்டுக்கு ஒரு முற்றம் என்ற பேச்சோ, வீடுகள் வரிசையாக ஒட்டி நின்று ஒரே வாசலைப் பங்கிட்டுக்கொண்ட லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பில், சொந்த ஊரில் இருந்ததைக் காட்டிலும் அதிகப் பொருத்தம் பெற்றுவிட்டது!

நகமும் அவ்வாறே. விடியுமுன் பிரட்டு என்ற ஆஜர்க் கணக்குக்கு ஓடி, பெயர் கொடுத்துவிட்டுத் தம் மர நிரைக்குப் போகும் பால்வெட்டுத் தொழிலாளி, முந்திய வெட்டில் காய்ந்து படிந்த ஒட்டுப்பாலை முதலில் விரலால் உரித்தெடுத்த பிறகே உளியை வைப்பார்; ஆகவே நகம் அவருக்குத் தோட்டத் துரை கொடுக்காத ஓர் ஆயுதம். நகக்கண்ணில் புகுந்த பால் அங்கேயே காய்ந்து கறுத்துக் கிடக்கும். வெட்ட வெட்டத் திரும்பி வருவது என்ற அடையாளம் அந்த மரப்பட்டைக்கும் பொருந்தும். மெல்லியதாகச் சீவிய பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் தடித்து மறுவெட்டுக்குத் தயாராகும் என்பதால், விடை நகமா, மரமா என்று தோட்டத்துப் பிள்ளைகள் வாதாட நியாயமுண்டு. வலி என்ற ஒரு சொல்தான் இரண்டையும் பிரிக்கும். மரத்தைக் கேட்டவர் யார்?

இன்னொரு வேடிக்கை. விளக்கு வைத்த பின் நகம் வெட்டக் கூடாது, வெள்ளிக்கிழமையில் கூடவே கூடாது என்பது நம் பெரியவர்களின் கண்டிப்பு. மண்ணெண்ணெய் விளக்கின் மங்கலில் விரலை அறுத்துக்கொள்ளாமல் இருக்க ஏற்பட்ட விதியாக அது இருக்கலாம். விடுகதைக்கு உகந்த நேரமோ அந்த விளக்கு வைத்த வேளைதான். ஆக, வெட்டத் தடையுள்ள பொழுதில்தான் வெட்டுவதைப் பற்றிய பேச்சு நடக்கும்.

நகம் வளர்கிறது என்று பாட்டி சொன்னதோடு திருப்தியடையாமல், அமெரிக்க வைத்தியர் வில்லியம் பீன் தம் கட்டைவிரல் நகத்தையே 35 ஆண்டுகள் அளந்து வந்தார். 32-ஆம் வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டராக இருந்த வளர்ச்சி, 67-ஆம் வயதில் 0.095 ஆகக் குறைந்ததாம். அலுக்காது என்று விடுகதை சொல்லும் நகமும் சிறிது அலுக்கத்தான் செய்கிறது.

இன்று பேராக்கில் பல ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்து ஜனங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஈப்போ போன்ற பட்டணங்களில் வாழ்கிறார்கள். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் டோவன்பி, எல்பில் என்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. ஏற்றத்துக்கு நேர்ந்தது இப்போது பால் ஏந்தும் மங்குக்கும் பால்வாளிக்கும் நேர்கிறது. சரீரத்தின் விடுகதைகள் பிழைத்துக்கொள்ளும், அவற்றைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கருவிகளின் விடுகதைகளைத்தான் அவற்றைக் கையாண்டவர்கள் இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும்.

தோட்டத்தில் பிறந்த வாசகர்கள் லயத்தில் கேட்டவற்றை நினைவிலிருந்து எழுதி அனுப்புங்கள். சொல் சற்றுப் பிசகியிருந்தாலும் பாதகமில்லை. ஆரம்பித்து வைக்க, நானே கட்டிய ஒன்று: மரத்தின் இடுப்பில் குந்திப் பால் குடிப்பான், மழை பெய்தால் மட்டும் பட்டினி கிடப்பான். அவன் யார்? விடையை இந்தக் கட்டுரையிலேயே ஓரிடத்தில் சொல்லியிருக்கிறேன்.