புதர்வழி நடை – 11: தரிசு என்று எழுதிய கை

காலை ஐந்தே முக்கால். ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இரவு ஷிப்ட் முடித்தவர்கள் டீக்கடையில் கண்ணைக் கசக்குகிறார்கள்; பகல் ஷிப்ட்காரர்கள் கழுத்தில் அடையாள அட்டை ஆட, ஏறிக்கொண்டிருக்கிறார்கள். சாலையை விட்டு இறங்கி ஏரிக்கரை மேல் கொஞ்ச தூரம் நடந்தால் ஹார்ன் சத்தம் பின்தங்கிவிடும். புதருக்குள்ளிருந்து கௌதாரி கத்துவது கேட்கும்.

படப்பை, சேரப்பனஞ்சேரி பக்கம் இன்னும் மிச்சமிருக்கும் இந்தக் காட்டுக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர் ஏமாந்துபோவார். அண்ணாந்து பார்க்க இங்கே அதிகம் இல்லை. இடுப்பளவு, மிஞ்சினால் ஓர் ஆள் உயரம். காரை, களா, சங்கஞ்செடி. கவனிக்காமல் போனால் சூரை முள் வேட்டியைப் பிடித்து இழுக்கும். உள்ளே போகப் போக வீரையும் காசானும் தட்டுப்படும். தாவரவியலாளர்கள் இதை வறண்ட பசுமைமாறாக் காடு என்கிறார்கள். சோழமண்டலக் கரையோரத்துக்கே உரிய வகை. கிண்டியில் வேலி போட்டுக் காப்பாற்றி வைத்திருப்பதும் இதே குடும்பம்தான். பெரும்பகுதி மழையை ஐப்பசி, கார்த்திகையில் வாங்கிக்கொண்டு, தடித்த சிறு இலைகளோடு சித்திரை வெயிலிலும் பச்சையாக நிற்கும். வளர்வது மட்டும் மிக மெதுவாக.

அந்த மெதுவே இதற்கு வினையாகிவிட்டது.

மெதுவாக வளரும் புதர் வரி தராது; வரி தராத நிலத்துக்கு வருவாய்க் கணக்கில் என்றைக்கும் மரியாதை இருந்ததில்லை. தரிசு, கல்லாங்குத்து, மேய்க்கால் புறம்போக்கு என்று ஏதாவதொரு பெயரில் எழுதி மூடிவிடுவார்கள். அங்கே ஆடு மேய்ந்தது, விறகு கிடைத்தது, மழைநீர் நின்று இறங்கியது என்பதற்கெல்லாம் பதிவேட்டில் கட்டம் கிடையாது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் அடுத்தடுத்து வந்தன. வேலையும் வந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இடம் தேடிய ஒவ்வொரு வரைபடத்திலும் புதர்க்காடு வெற்றிடமாகவே தெரிந்தது.

அந்த வெற்றிடத்தை எழுத்து எழுத்தாக வாசிக்கத் தெரிந்தவர்கள் இருளர் பழங்குடியினர். வளையின் வாயில் மண் எப்படி வழவழப்பாகியிருக்கிறது, உரித்துப் போட்ட சட்டை எத்தனை நாள் பழசு, எச்சத்தில் இருப்பது எலி மயிரா என்று பார்த்தே உள்ளே இருப்பது நல்ல பாம்பா விரியனா என்று சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் பாம்புத் தோல் வணிகத்துக்காகப் பிடித்தார்கள். 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு அற்றுப்போனது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் அதன் கூடம் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் வனத்துறை உரிமத்தோடு பிடித்து, சில வாரம் பானையில் வைத்து, விஷம் எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இவர்கள் கைவழியே போனது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தரிசு என்று எழுதிய நிலம் நாடு முழுவதும் உயிர் காத்த கதை இது. எடுத்தபின் திருப்பி விடுகிற இந்தத் தொழிலைவிட எளிய பாடம் வேறெங்கு தேடுவது?

இந்தப் புதர்க்காட்டின் இன்னொரு வேலை 2015இல் தெரிந்தது. அந்த டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பலரும் செம்பரம்பாக்கம் ஏரியை மட்டுமே கைகாட்டினார்கள். ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். அதற்கும் மேலே இருக்கும் முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகியது ஆதனூர், மணிமங்கலம், ஒரத்தூர் பக்கத்து ஏரிகளும் ஓடைகளும் கொண்டுவந்த தண்ணீரில். மழையைப் பிடித்து நிறுத்தும் புதரும் மேய்ச்சல் தரையும் கான்கிரீட் ஆனால், தண்ணீர் வேறு எங்கே போகும்? அதன்பிறகுதான் ஒரத்தூரில் நீர்த்தேக்கம் கட்டும் வேலை தொடங்கியது.

ஆலைகளுக்குள் பச்சையே இல்லையா? இருக்கிறது. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பசுமை வளையம் வேண்டும் என்பது சுற்றுச்சூழல் அனுமதிகளில் நெடுங்காலமாக இருந்துவந்த நிபந்தனை. அதை நிறைவேற்ற வந்ததில் ஒன்று கோனோகார்ப்பஸ் மரம்: சீக்கிரம் வளரும், ஆடு கடிக்காது, கத்தரித்தால் சுவர்போல நிற்கும். 2025 தொடக்கத்தில் தமிழக அரசு அதை வளர்க்கத் தடை விதித்தது. வேலிக்கு வெளியே சீமைக்கருவேலம். அதை அகற்ற 2022இல் அரசு கொள்கையே வகுத்துவிட்டது. ஆனாலும் குடிசை அடுப்புகளில் இன்றும் எரிவது அந்த விறகுதான் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. இப்போதைய மோகம் மியாவாக்கி காடு. ஜப்பானின் அகிரா மியாவாக்கி வலியுறுத்தியது அந்தந்த மண்ணின் மரங்களை. இங்கே பல இடங்களில் நெருக்கி நடும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, நாற்றங்காலில் கிடைத்ததை எல்லாம் நடுகிறார்கள்.

நடக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. இதே வடதமிழகத்துப் புதரை முறையாகச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால், 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 40 மலையேற்றப் பாதைகளில் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையும் உண்டு. முழுக்கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், சூரை யாருக்கும் சலுகை காட்டாது.

ஆலை வளாகங்களைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு கோரிக்கை. சுவரோரத்தில் காரையும் சங்கஞ்செடியும் தானாக முளைத்திருந்தால், அந்த மூலையில் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டாதீர்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வேண்டாம், பெயர்ப்பலகையும் வேண்டாம். அடுத்த வாரம் வேடந்தாங்கல் கரையில் சந்திப்போம்.