சார்ஜ் பேட்டரிக்கு 28, வீசியெறியும் பேட்டரிக்கு 18: எட்டாண்டு நீடித்த வரி விநோதம்

புது தில்லி: ஹரியாணா சட்டப்பேரவைத் தேர்தல் முடிவுகள் 2024 அக்டோபர் 8-ஆம் தேதி வெளியானபோது, தலைநகரின் அரசியல் வட்டாரங்களில் எவரும் எதிர்பாராத ஒரு பொருள் விவாதத்துக்கு வந்தது. அது பேட்டரி. நாள் முழுவதும் வாக்குப்பதிவுக்குப் பயன்பட்ட மின்னணு இயந்திரங்களில் சில, எண்ணிக்கையின்போதும் 99 சதவீத பேட்டரி இருப்பதாகக் காட்டியது எப்படி என்று காங்கிரஸ் கட்சி தேர்தல் ஆணையத்திடம் முறையிட்டது.

இயந்திரத்தில் இருப்பது ஆல்கலைன் பேட்டரி. கைப்பேசியில் இருப்பதைப் போல சார்ஜ் செய்யும் வகை அல்ல என்பது ஆணையம் அளித்த பதில். மின்னழுத்தம் 7.4 வோல்டுக்கு மேல் இருக்கும்வரை திரை 99 சதவீதம் என்றே காட்டும்; அதற்குக் கீழே இறங்கிய பிறகுதான் 98 முதல் 10 வரையிலான எண்கள் வரும்; 5.8 வோல்டை நெருங்கும்போது பேட்டரியை மாற்றுமாறு எச்சரிக்கை தோன்றும் என்று ஆணையம் விளக்கியது. அரசியல் சர்ச்சை அத்துடன் ஓயவில்லை. ஆனால் அந்த விளக்கத்தில் இருந்த அடிப்படைச் செய்தி ஒவ்வொரு வீட்டுக்கும் பொருந்தும்: வேலைக்கு ஏற்ற பேட்டரி வேறு வேறு. கைப்பேசியையே பார்த்துப் பழகிய கண்களுக்கு அது மறந்து போயிருந்தது. மத்திய, மாநில நிதியமைச்சர்கள் கூடும் ஜிஎஸ்டி கவுன்சிலுக்கும் மறந்து போயிருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

இந்தியாவில் ஆண்டுக்கு 200 கோடிக்கும் மேற்பட்ட உலர் பேட்டரிகள் விற்பனையாகின்றன. அவற்றில் மிகப் பெரும்பகுதி மலிவான துத்தநாக - கார்பன் வகை. சுவர்க்கடிகாரம், டார்ச் விளக்கு, தொலைக்காட்சி ரிமோட், டிரான்சிஸ்டர் என்று ஏழை, பணக்காரர் வேறுபாடின்றி எல்லா வீட்டிலும் இருப்பது இதுதான். சில ரூபாய்ப் பொருள் என்பதால் இதன் விலையை எவரும் கவனிப்பதில்லை. அப்படிக் கவனிக்காமல் இருந்ததன் பலனை 2018 ஏப்ரலில் இந்திய தொழில் போட்டி ஆணையம் வெளிக்கொணர்ந்தது. நாட்டின் முன்னணி உலர் பேட்டரி நிறுவனங்கள் மூன்றும் கூடிப் பேசி விலையை நிர்ணயித்ததாகக் கூறி, எவரெடி நிறுவனத்துக்கு ரூ.171.55 கோடியும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நிப்போ பேட்டரியைத் தயாரிக்கும் இந்தோ நேஷனல் நிறுவனத்துக்கு ரூ.42.26 கோடியும் அபராதம் விதித்தது. உண்மையை முதலில் ஒப்புக்கொண்டு ஆணையத்துக்கு உதவிய பானாசோனிக் நிறுவனத்துக்கு அபராதம் முழுவதுமாகத் தள்ளுபடி செய்யப்பட்டது. உத்தரவை எதிர்த்து மேல்முறையீடுகள் தாக்கலாயின.

வீசியெறியும் பேட்டரிக்கு மாற்று, சார்ஜ் செய்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் நிக்கல் - மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத் ராய் மார்க்கெட்டானாலும் சென்னை ரிச்சி தெருவானாலும் இது கிடைக்கும். வாங்கத்தான் தயக்கம். ஒரு பேட்டரிக்கு ஏறத்தாழ ரூ.200, சார்ஜருக்கு ரூ.800 என்று வைத்துக்கொண்டால், நான்கு பேட்டரியுடன் முதல் செலவு ரூ.1,600. ஒரு ஆல்கலைன் பேட்டரி ரூ.35 என்றால், வாரம் நான்கு பேட்டரிகளைத் தின்னும் விளையாட்டுக் கார் உள்ள வீட்டில் வாரச் செலவு ரூ.140. பன்னிரண்டே வாரத்தில் சார்ஜருக்கும் சேர்த்துப் போட்ட பணம் திரும்பிவிடும். மின்கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால்கூட, ஒரு யூனிட் மின்சாரத்தில் 200 பென்சில் பேட்டரிகளுக்கு மின்னேற்றலாம். அதே ஒரு யூனிட் மின்சாரத்தை ஆல்கலைன் பேட்டரிகளாகக் கடையில் வாங்கினால் ரூ.10,000-ஐத் தாண்டும்.

ஆனால் சுவர்க்கடிகாரத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஆண்டுக்கு ஒரு மலிவு பேட்டரி போதும் என்ற இடத்தில் ரூ.200 முதலீடு செய்து அதைத் திரும்ப எடுக்கப் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக மின்சாரம் எடுக்கும் கருவிக்கு வீசியெறியும் பேட்டரியே ஏற்றது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஆல்கலைன் இருப்பதும் பொருத்தமே. கேமரா ஃபிளாஷ், மோட்டார் பொம்மை, நீண்ட நேரம் எரியும் டார்ச் போன்றவை மின்சாரத்தை அள்ளிக் குடிப்பவை. அங்கே துத்தநாக - கார்பன் பேட்டரி சீக்கிரமே துவண்டுவிடும். சார்ஜ் பேட்டரியோ 1.2 வோல்டை ஒட்டியே கடைசிவரை நின்று, முடியும் தறுவாயில்தான் சட்டென விழும்.

சார்ஜ் பேட்டரிக்கு ஒரு காலத்தில் ஏற்பட்ட கெட்ட பெயருக்கும் காரணம் உண்டு. பழைய வகைகள் பயன்படுத்தாமல் மேசை அறைக்குள் கிடந்தாலே சில வாரங்களில் மின்சாரத்தின் பெரும்பங்கை இழந்துவிடும். 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனிலூப் என்ற பெயரில் கொண்டுவந்த வகை, ஓராண்டு சும்மா இருந்தாலும் 85 சதவீத மின்சாரத்தைத் தக்க வைத்தது. சான்யோ பின்னர் பானாசோனிக் வசமானது. இன்று கடைகளில் இரண்டு வகையும் கலந்தே இருக்கின்றன. உறையில் முன்பே சார்ஜ் செய்யப்பட்டது என்ற குறிப்பு இருந்தால் அது பெரும்பாலும் புதிய வகை.

பெரிய எண்ணைக் கண்டு மயங்குவதும் தவறு. எனிலூப்பின் 2,000 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டிய சாதாரண வகையை 2,100 முறை சார்ஜ் செய்யலாம் என்று குறிப்பிடும் நிறுவனமே, 2,500-ஐ ஒட்டிய உயர்வகைக்கு 500 முறை என்றுதான் கூறுகிறது. கொள்ளளவு ஏறும்போது ஆயுள் குறைகிறது. இப்போது பரவிவரும் 1.5 வோல்ட் லித்தியம் பேட்டரிகளில் இன்னொரு குழப்பம். அவற்றில் பலவற்றின் உறையில் மில்லி வாட் மணிக் கணக்கில் 3,000 என்று அச்சிட்டிருப்பார்கள். அதை 1.5-ஆல் வகுத்தால் 2,000 மில்லி ஆம்பியர் மணிதான். இத்தகைய பேட்டரிகளுக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உள்ளது. ஆனால் ஐஎஸ் 16046 என்ற அந்தத் தரம் பாதுகாப்பைப் பற்றியது. உறையில் போட்ட கொள்ளளவு உண்மையில் உள்ளே இருக்கிறதா என்பதற்கு அந்த முத்திரை உத்தரவாதம் அல்ல.

இனி வரிக்கு வருவோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி அமலானபோது எல்லா பேட்டரிக்கும் 28 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் குவாஹாட்டியில் கூடிய கவுன்சில், ஒருமுறை பயன்படுத்தும் பேட்டரிகளுக்கான வரியை 18 சதவீதமாகக் குறைத்தது. 2018 ஜூலையில் லித்தியம் அயனி பேட்டரிக்கும், அந்த ஆண்டு டிசம்பரில் பவர் பேங்குக்கும் அதே சலுகை கிடைத்தது. நிக்கல் வகை மட்டும் 28-லேயே நின்றது. அட்டவணையில் அதற்குத் தனி இடம் இல்லை. கார் பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி ஆகியவற்றுடன் 8507 என்ற ஒரே தலைப்பின் கீழ் அடைபட்டிருந்தது. விரல் அளவு பேட்டரிக்காகக் குரல் கொடுக்க வலுவான தொழில் சங்கமும் இல்லை. எந்த மாநில அரசுக்கும் அது வாக்குப் பிரச்னையாகத் தெரியவில்லை. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி 28 சதவீத அடுக்கே பெருமளவு கலைக்கப்பட்டபோதுதான் எல்லா பேட்டரியும் 18 சதவீதத்துக்கு வந்தன. ஏறத்தாழ எட்டாண்டுகள், ஆயிரம் முறை பயன்படும் பொருளைவிட ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருளுக்கு அரசு சலுகை காட்டி வந்தது. தூய்மை இந்தியா முழக்கம் ஒலித்த ஆண்டுகளும் அவையே.

குப்பைக்குப் போகும் பேட்டரிகள் விஷயத்திலும் தாமதம்தான். 2001-ஆம் ஆண்டு பேட்டரி விதிகள் ஈய - அமில வகையை மட்டுமே கண்டுகொண்டன. 2022 ஆகஸ்டில் வெளியான பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்தான், வேதியியலோ வடிவமோ எதுவாயினும், எல்லா வகைகளையும் தயாரிப்பாளரின் பொறுப்பில் சேர்த்தன. சிறு பேட்டரிகளில் காட்மியம் எடையில் 0.002 சதவீதத்துக்குக் குறைவாகவே இருக்க வேண்டும். அவசரகால விளக்கு, மருத்துவக் கருவி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. மறுசுழற்சிக்கு வரும் சிறு பேட்டரிகளில் இருந்து 2026-27 முதல் 90 சதவீதப் பொருளை மீட்டெடுக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது.

அதற்கு முதலில் பேட்டரி வந்து சேர வேண்டும். மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டர் வாங்கிய தமிழகக் குடும்பங்களுக்குத் தெரியும்: பழைய பேட்டரியைக் கொடுத்தால் புதியதன் விலையில் ஒரு தொகை கழியும். ஆகவே அதை எவரும் குப்பையில் போடுவதில்லை. பென்சில் பேட்டரிக்கு அப்படி ஒரு காசும் கிடைப்பதில்லை; பிற குப்பையிலிருந்து பிரித்து ஒப்படைக்கும் கடமை மட்டும் விதிகளின்படி நுகர்வோருக்கு உண்டு. முன்வைப்புத் தொகையைத் திருப்பித் தருவது, பழையதை விலைக்கு வாங்குவது போன்ற திட்டங்களைத் தயாரிப்பாளர்கள் நடத்தலாம் என்று விதிகள் சொல்கின்றன. நடத்தியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.