ஊசி மருந்து கலக்கும் யந்திரக் கை

"ஏனுங்க, மில்லுலதான் மெஷினு வந்து எங்க வேலையைப் பாதியாக்கிருச்சு. இப்ப ஊசி மருந்து கலக்கறதுக்கும் மெஷினு வந்திருச்சாமே, நெசமுங்களா?"

சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிப் பக்கத்து டீக்கடையில் என்னை இப்படிக் கேட்டவர் ஒரு பெரியவர். நூற்பு இலாகாவில் நெடுங்காலம் சைடராக இருந்தவர். தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் 1955-ல் முதன் முதலில் தொடங்கியதே கோவையில்தான். ஆகவே, ஆஸ்பத்திரி விஷயத்தைக் கேட்க அவருக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு?

நிஜம்தான். ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் கலிபோர்னியா சர்வகலாசாலை ஆஸ்பத்திரி 2011-ல் ரோபோக்களைக் கொண்டே ஒரு மருந்தகம் திறந்தது. தொடக்க காலத்தில் 3,50,000 டோஸ் மருந்துகளில் ஒரு பிழைகூட நேரவில்லை என்றும் அறிவித்தது.

மருந்து கலக்க இத்தனை ஆர்ப்பாட்டமா என்கிறீர்களா? இரத்தக் குழாயில் ஏற்றும் மருந்துகள் பல, பொடியாகவோ கெட்டியான திரவமாகவோ சிறு குப்பியில் வருகின்றன. அதைக் கரைத்து, அளந்து, உப்புநீர்ப் பையில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு பார்த்தால் எல்லாம் தண்ணீர்தான்! சரியான அளவும் தவறான அளவும் கண்ணுக்கு ஒன்றே.

2006-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று புற்றுநோய்ச் சிகிச்சையின் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தது. மருந்தைக் கலந்தவர் 0.9 சதவிகித உப்புநீருக்குப் பதில் 23.4 சதவிகித நீரை ஊற்றிவிட்டார். குழந்தை பிழைக்கவில்லை.

யந்திரக் கை இந்த இடத்தில் என்ன செய்கிறது? வடிகட்டிய காற்றுள்ள கண்ணாடி அறைக்குள் அது குப்பியை எடுக்கிறது, லேபிளைக் காமிராவால் படிக்கிறது, பிறகு நிறுக்கிறது. மருந்தை உறிஞ்சியதும் மறுபடி நிறுக்கிறது. சூட்சுமமே இந்தத் தராசில்தான். சாதாரண உப்புநீர் 100 மில்லி ஏறக்குறைய 100 கிராம். அந்தக் கெட்டி உப்புநீரோ 115 கிராம் காட்டும்! கண் ஏமாறலாம், தராசு ஏமாறாது.

இன்னொரு லாபம், நர்ஸுகளுக்கு. புற்றுநோய் மருந்துகளைக் கையாண்ட நர்ஸுகளின் சிறுநீரிலேயே மரபணு மாற்றத்தைத் தூண்டும் தன்மை தெரிவதாக 1979-ல் பின்லாந்து விஞ்ஞானிகள் எழுதினார்கள். மூடிய அறைக்குள் யந்திரம் கலந்தால் அந்த நஞ்சு நர்ஸை அண்டுவது குறையும்.

ஆனால் ரோபோ மந்திரவாதி அல்ல. ஒரு டோஸுக்குச் சில நிமிஷங்கள் எடுத்துக்கொள்ளும். கைதேர்ந்த மனிதர் அதை முந்திவிடுவார். கண்ணாடி ஆம்ப்யூலின் கழுத்தை ஒடிப்பது பல ரோபோக்களுக்குக் கைவராத வித்தை. குப்பியில் கோட்டுக் குறி இல்லாவிட்டால் திணறும். நம் நாட்டிலோ, 300 பிராண்டு மருந்துகளுக்கு 2023 ஆகஸ்டில்தான் இத்தகைய குறி கட்டாயமாயிற்று. விலையோ, கேட்கவே வேண்டாம்! எல்லாம் போக, குப்பிகளை உள்ளே அடுக்குவது மனிதர்தான்.

இதையெல்லாம் சொன்னேன். பெரியவர் டீயை ஆற்றியபடி யோசித்தார்.

"அத்தனை பெரிய மெஷினு எதுக்குங்க? அந்தத் தராசை மட்டும் நர்ஸம்மாகிட்டக் குடுத்தாப் போதாதுங்களா?"

நான் அசந்துபோனேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் அப்படியேதான் செய்கிறார்கள். கலப்பது மனிதக் கை. பக்கத்தில் தராசு, காமிரா, ஒரு கம்ப்யூட்டர். எடை பொருந்தாவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்த வேலைக்கு விடாது.