பக்கத்து ஊரில் புது மகளிர் குழு: தொடங்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

"பக்கத்து ஊர்ல குழு நல்லா நடக்குதே, நம்ம ஊர்லயும் ஒண்ணு ஆரம்பிக்கலாமா?" தஞ்சாவூர் பக்கம் நடவு வயலிலும் ரேஷன் கடை வரிசையிலும் கேட்கக்கூடிய கேள்வி இது. ஆரம்பிப்பது சுலபம். ஆறு மாசம் கழிச்சும் அந்தக் குழு நடக்குமா என்பதுதான் விஷயம்.

தர்மபுரி டூ டெல்டா

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் இதற்கு உதவியது. சில மாவட்டங்களுக்குப் பரவிய பிறகு, 1997-98-ல் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் விரிந்தது. அதாவது, ஒரே நாளில் எல்லா ஊருக்கும் போகவில்லை.

அவசரப்பட்டால் என்ன ஆகும்?

எண்ணிக்கைக்காகக் குழு சேர்த்தால், "லோன் வரும்" என்ற ஒரே நம்பிக்கையில்தான் பெண்கள் வருவார்கள். லோன் தாமதமானால் கூட்டம் நின்றுவிடும். அடுத்து அவர்கள் தேடிப் போவது வாரத் தவணை ஃபைனான்ஸ்.

அங்கேயும் குழுவாகத்தான் கடன் தருகிறார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சுய உதவிக் குழுவில் உள்கடனுக்குக் கட்டும் வட்டி குழுவின் பணமாகவே தங்கும். ஃபைனான்ஸில் அது வெளியே போய்விடும். ஆந்திராவில் நுண்கடன் நிறுவனங்கள் வேகமாகப் பரவி, ஒரே பெண் பல இடங்களில் கடன்பட்டதால், 2010 அக்டோபரில் அம்மாநில அரசு அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

முதலில் யாரிடம் பேச வேண்டும்?

ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிடமும், ஒன்றிய அளவில் உள்ள மகளிர் திட்டப் பணியாளர்களிடமும் பேசலாம். ஏற்கெனவே அங்கே குழு இருந்து உடைந்திருந்தால், ஏன் உடைந்தது என்று கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

கூட்டம் போடும் இடமும் முக்கியம். ஊர்த் தெருவில் மட்டும் போட்டால் காலனித் தெருப் பெண்கள் ஒதுங்கி நிற்கலாம். எல்லாரும் கூச்சமில்லாமல் வந்து உட்காரும் பொது இடமே சரி.

எந்த மாசம் தொடங்கலாம்?

டெல்டாவில் வருமானம் வயலைப் பொறுத்தது. குறுவை, சம்பா நடவு, களை, அறுவடைக் காலத்தில் கையில் கூலி இருக்கும். வயல் காயும் கோடையில் இருக்காது. அதனால் சேமிப்புத் தொகையைக் கோடையிலும் எல்லாராலும் கட்ட முடிகிற அளவில் வைக்க வேண்டும். நடவு நாட்களில் கூட்டத்தை மாலைக்கு மேல் வைப்பது நல்லது.

பழைய குழு என்ன செய்யணும்?

தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில், ஆந்திராவின் அனுபவமுள்ள குழுப் பெண்கள் பீகார் வரை போய், கிராமங்களிலேயே தங்கிப் புதுக் குழுக்களை உருவாக்கினார்கள். அதிகாரி சொல்வதைவிட, கடன் வாங்கிக் கட்டி முடித்த ஒரு அக்கா சொல்வது எளிதில் எடுபடும்.

ஆனால் சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்திக்கணும். ஊக்குநர், பிரதிநிதிகளைப் புதுக் குழுவே தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய குழுவின் தலைவி அங்கேயும் கணக்கு நோட்டைப் பிடித்துக்கொண்டால், அது கடைசி வரை அவங்க குழுவாகத்தான் இருக்கும்.

பேங்க் லோன் எப்போ?

ரிசர்வ் வங்கி விதிப்படி, குழு குறைந்தது 6 மாதம் இயங்கியிருக்க வேண்டும். இது வங்கிக் கணக்கு தொடங்கிய தேதியிலிருந்து அல்ல, குழுவின் கணக்குப் புத்தகப்படி பார்க்கப்படும். முறையான கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு எழுதுதல் என்ற ஐந்தும் சரியாக இருக்க வேண்டும். 20 லட்சம் ரூபாய் வரை பிணை தேவையில்லை.

ஆக, முதல் கூட்டத்திலிருந்தே நோட்டு எழுதுங்கள். நாற்றை நட்டு வைத்தால் மட்டும் போதாது, வேர் பிடிக்கும் வரை தண்ணி பார்க்கணும் என்பது டெல்டாப் பெண்களுக்குத் தெரியாததல்ல. புதுக் குழுவுக்கு அந்தக் காலம் முதல் ஆறு மாதம்.